கேள்வி பதில்: 23 நிமிசப் பாட்டும் ஆறின பிளேன்டீயும்

போன இதழ்ல ஒரு வாசகர் ராவில நித்திரை வராட்டி என்ன செய்வீங்க என்டு கேட்டிருந்தார். 23 நிமிசம் ஓடுற ஒரு இங்கிலீஷ் பாட்டப் போட்டுட்டு முத்தத்தில கதிரைய இழுத்துப் போட்டு இருப்பன், பாட்டு முடியேக்க பிளேன்டீ ஆறியிருக்கும் என்டு ரெண்டு வரி எழுதினன், அவ்வளவுதான். அதுக்கு வந்திருக்கிற கடிதம், வட்ஸ்அப் மெசேஜ் எல்லாம் பாத்தா இந்தத் திருகோணமலையில இவ்வளவு பேர் ஒளிச்சிருந்து சிம்பொனிக் ப்ரொக்ரெசிவ் ரொக் (ஒரு பாட்டையே நீட்டி, விரிச்சு வாசிக்கிற ரொக் இசை) கேக்கிறாங்களா, இல்லாட்டி என்னப் பகிடி பண்ணத்தான் எழுதினாங்களா என்டு விளங்கேல்ல. கொழும்பு ரயில் நேரமும் தேசிக்காய் ஊறுகாய்ப் பக்குவமும் கேட்டவங்க குறை நினைக்காதேங்க, அது அடுத்த மாசம். இந்த மாசம் முழுக்க இதுதான்.

கேள்வி: அண்ணா, கம்பஸ்ல ஒரு சீனியர் கட்டாயம் கேக்கவேண்டிய 10 அல்பம் என்டு ஒரு லிஸ்ட் அனுப்பினார். அதில இருந்து யெஸ் பாண்ட்ட 'டேல்ஸ் ஃப்ரொம் டொபொகிராஃபிக் ஓஷன்ஸ்' எடுத்துப் போட்டன். ரெண்டாவது பாட்டுக்கு முதலே நித்திரையாப் போனன். பிழை என்னிலயா, பாட்டிலயா?
கம்பஸ் பொடியன், உப்புவெளி

பதில்: தம்பி, பிழை அந்த லிஸ்ட்ல. உப்புவெளிக் கரையில இடுப்பளவு தண்ணிக்க நிண்டு பழகாம நேர புறாமலைக்கு நீந்த வெளிக்கிட்ட மாதிரி நீங்க செய்தது. அந்த அல்பம் 1973ல வந்தது, ரெண்டு இசைத்தட்டு, நாலு பக்கம், பக்கத்துக்கு ஒரே ஒரு பாட்டு, எல்லாம் சேத்து 80 நிமிசத்துக்குக் கிட்ட வரும். அவங்கட பாட்டுக்காரர் ஜொன் அன்டர்சன் டோக்கியோவில ஹோட்டல் ரூமில இருந்து பரமஹம்ச யோகானந்தர்ட சுயசரிதையைப் புரட்டேக்க அதில ஒரு அடிக்குறிப்பக் கண்டிருக்கிறார், சுருதி, ஸ்மிருதி, புராணம், தந்திரம் என்டு சாஸ்திரம் நாலு வகை என்டு. நாலு வகை என்டா நாலு பாட்டு, முடிஞ்சுது. எங்கட வீட்டுப் பெரியாக்கள் சாமியறையில வச்சிருக்கிற புத்தகத்தின்ட அடிக்குறிப்பு அங்க போய் 80 நிமிசம் ரொக்கா மாறினத நினைச்சா எனக்கு இப்பவும் சிரிப்பு வரும், கொஞ்சம் பெருமையும் வரும். ஆனா அந்த பாண்ட்ட கீபோர்ட்காரர் ரிக் வேக்மனுக்கே அது இழுவையாத்தான் பட்டிருக்கு. மான்செஸ்டர்ல கச்சேரி நடக்கேக்க மேடையில இருந்தே கறி சாப்பிட்ட மனுசன், அவரே பிறகு போற இடமெல்லாம் சொல்லித் திரிஞ்ச கதை, அடுத்த வருசம் பாண்ட விட்டும் போயிட்டார். வாசிக்கிறவருக்கே பசிச்சிருக்கு, கேக்கிற உங்களுக்கு நித்திரை வந்தா என்ன குற்றம்? (எனக்கு அதின்ட நாலாம் பக்கம் சரியான விருப்பம், ஆனா அது பிடிபட 20 வருசம் எடுத்தது, அத உங்களுக்குச் சொல்லி என்னத்துக்கு.)

நீங்க கேமல் பாண்ட்ட 'த ஸ்னோ கூஸ்'ல இருந்து தொடங்குங்க. 1975ல வந்தது. வரி ஒன்டும் இல்ல, ஆனா கதை இருக்கு. பால் கலிக்கோ என்டவர் எழுதின குறுநாவல்தான் அடி. இங்கிலாந்துக் கரையில, சதுப்பு நிலத்துக்க, கைவிட்ட ஒரு வெளிச்சவீடு, அதில கூனலான ஒரு ஓவியர் தனியா இருக்கிறார், சனம் அவரக் கண்டா விலகிப் போகும். ஒரு நாள் ஒரு சின்னப் பிள்ளை வெடிபட்ட வெள்ளை வாத்து ஒன்டத் தூக்கிக்கொண்டு பயந்து பயந்து வருது. ரெண்டு பேருமா அதச் சுகப்படுத்தீனம், அது பறந்து போகுது, திரும்பி வருது. பிறகு 1940, உலகப்போர், பிரான்சில டன்கேர்க், ஆமிக்காரர் கரையில மாட்டுப்பட்டு நிக்கிறாங்க, அந்த மனுசன் தன்ட சின்னப் பாய்வள்ளத்த எடுத்துக்கொண்டு அவங்கள ஏத்தப் போறார். திரும்பி வரேல்ல. இவ்வளவும் தெரிஞ்சுகொண்டு கேளுங்க. மூதூர்ப் பக்கம் ஃபவுல் பொயின்ட் வெளிச்சவீடு இருக்கெல்லோ, அத மனசில வச்சுக்கொள்ளுங்க, எனக்கு அதுதான் வழி காட்டினது. புல்லாங்குழல்ல துள்ளித் துள்ளி ஒரு மெட்டு வரும், அது ஓவியர். பிள்ளை வாற இடத்தில எல்லாம் மெல்லிசாப் போகும். டன்கேர்க்ல டிரம்ஸ் படை நடக்கிற மாதிரி ஒரே சீரா ஏறிக்கொண்டு போகும், அதுக்குப் பிறகு கொஞ்ச நேரம் வெறும் மணிச் சத்தமும் காத்தும் மாதிரி ஒரு வெறுமை. தொடங்கின அதே சதுப்பு நிலத்து மெட்டிலதான் அல்பம் முடியுது, ஆனா இடையில ஒராள் இல்லாமப் போயிட்டார், அதால அதே மெட்டு காதுக்கு வேறயாக் கேக்கும். எங்கட கரையில வள்ளம் போய் வராத வீடு எத்தினை இருக்கு, உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்ல.

ஒரு கிழமைக்கு அது மட்டும். பிறகு அந்த லிஸ்டத் திரும்பி எடுங்க.

கேள்வி: சிம்பொனிக் என்டா இளையராஜா லண்டன்ல செய்த மாதிரியா? அப்ப ஏன் இவங்கட போட்டோவில நாலஞ்சு நீட்டுத் தலைமயிர்க்காரர் மட்டும் நிக்கிறாங்க, ஓகெஸ்ட்ரா எங்க?
ஒரு வாசகி, பாலையூற்று

பதில்: நல்ல கேள்வி தங்கச்சி. ராஜா 2025 மார்ச் 8ம் திகதி லண்டன்ல அரங்கேத்தின 'வேலியன்ட்' முழு ஓகெஸ்ட்ராவுக்கு என்டு எழுதின சிம்பொனி. இவங்கட 'சிம்பொனிக்' அப்பிடியில்ல. பாட்டக் கட்டுற விதத்திலதான் அந்தப் பேர். பல்லவி, சரணம், பல்லவி என்டு மூண்டு நிமிசத்தில முடியாம, ஒரு மெட்டக் காட்டி, மறைச்சு, வேற வேகத்தில திருப்பிக் கொண்டுவந்து, கடைசியில பெரிசா விரிச்சு வைக்கிறது. ராகம் தானம் பல்லவி இருந்து கேட்ட ஆளுக்கு இது புதினமில்ல.

ஓகெஸ்ட்ராவோடயும் செய்தாங்கதான். 1967ல மூடி ப்ளூஸ் என்ட பாண்ட் 'டேஸ் ஒஃப் ஃபியூச்சர் பாஸ்ட்' என்டு விடியல்ல தொடங்கி ராவில முடியிற ஒரு முழு நாள இசைத்தட்டில போட்டாங்க, அதில உண்மையான வயலின்காரர் கூட்டமே இருக்கு. ஆனா அவ்வளவு பேரையும் ஊர் ஊராக் கூட்டிக்கொண்டு போய்ச் சோறு போட ஏலுமா? அதுக்கு வந்த சாமான்தான் மெலட்ரோன். பாக்க ஒரு வெள்ளை அலுமாரி மாதிரி இருக்கும், மேல 35 கட்டை. உள்ளுக்க ஒவ்வொரு கட்டைக்கும் கீழ ஒரு துண்டு டேப், அந்தச் சுரத்த ஆரோ ஒரு வயலின்காரர் முந்தியே வாசிச்சு வச்சிருக்கிறார். கட்டைய அமத்தினா டேப் ஓடும், வயலின் கேக்கும். ஆனா டேப் எட்டு செக்கன்தான். எட்டு செக்கன் முடிஞ்சா நீங்க கட்டை உடைய அமத்தினாலும் சத்தம் வராது, விரல எடுத்தா ஸ்பிரிங் டேப்பப் பின்னால இழுத்துப் போடும், திரும்ப முதல்ல இருந்து. அதால வாசிக்கிறவர் ஒரு சுரத்தில சாஞ்சு படுக்க ஏலாது, எட்டு செக்கனுக்க அடுத்ததுக்குத் தாவவேணும். அந்த அல்பங்கள்ல வயலின் அலை மாதிரி வந்து வந்து அடிக்கிறதுக்கு இதுவும் ஒரு காரணம். அதோட இது மோட்டர்ல ஓடுற சாமான், கரண்ட் இறங்கினா சுருதியும் இறங்கும். கலியாண வீட்டில ஜெனரேட்டர் இளைக்கேக்க பழைய கசெட் பாட்டு ஒருக்கா ஊளையிடுமெல்லோ, அதே நோய்தான். அந்த லேசான ஆட்டம்தான் எனக்கு அதில பிடிச்சது, உண்மை வயலின்ல அந்தச் சோகம் வராது. கேட்டுப் பாக்கவேணும் என்டா கிங் கிரிம்சன் பாண்ட்ட 1969 முதல் அல்பத்தில 'எபிடாஃப்' என்ட பாட்டு. முதல் நிமிசத்திலயே பிடிபடும்.

கேள்வி: நான் சின்னப் பிள்ளைகளுக்கு மிருதங்கம் சொல்லிக் குடுக்கிறனான். மகன் இந்தப் பாட்டுகளப் போட்டுட்டு "அம்மா, தாளம் பிழைக்குது" என்டு என்னட்டக் கேக்கிறான். எனக்கும் சில இடம் பிடிபடேல்ல. இவங்களுக்குக் கணக்கு இருக்கா, இல்லாட்டி சும்மா அடிக்கிறாங்களா?
உவர்மலை

பதில்: டீச்சர், உங்களுக்குத்தான் இந்த இசை கெதியா விளங்கப்போகுது, இங்கிலீஷ்காரப் பொடியங்கள் விரல மடக்கி மடக்கி எண்ணிப் பைத்தியம் பிடிச்ச இடமெல்லாம் உங்கட முதலாம் வருசப் பாடம். முதல்ல லேசான ஒன்டு. பிங்க் ஃப்ளொய்ட்ட 'மணி', 1973. காசு குலுங்கிற சத்தமும் கல்லாப்பெட்டிச் சத்தமுமாத் தொடங்கும், ஏழு எண்ணிக்கை. தகிட தகதிமி என்டு மிஸ்ர சாப்பு போட்டுப் பாருங்க, அச்சாவா உக்காரும். நடுவில கிட்டார் தனியா வாசிக்கிற இடத்தில மட்டும் நாலுக்கு மாறும், மகன் "பிழைக்குது" என்டு சொன்னது அந்த இடமா இருக்கும், அவன்ட காது சரி.

இப்ப பெரியது. ஜெனசிஸ் பாண்ட்ட 'ஃபொக்ஸ்ட்ரொட்' அல்பம், 1972, அதில ரெண்டாம் பக்கம் கிட்டத்தட்ட முழுக்க ஒரே பாட்டு, 'சப்பர்ஸ் ரெடி'. நான் போன இதழ்ல சொன்ன 23 நிமிசம் அதுதான். ஏழு பாகம். ஆறாவது பாகத்தின்ட பேரிலயே 9/8 என்டு தாளத்த எழுதி வச்சிருக்கிறாங்க. பேஸும் டிரம்ஸும் கிட்டாரும் சேந்து ஒன்பத 3, 2, 4 என்டு பிரிச்சு விடாம அடிச்சுக்கொண்டு நிக்கும். தகிட தக தகதிமி. தொடையில போட்டுப் பாருங்க. அதுக்கு மேல டொனி பாங்க்ஸ் ஓகன்ல வாசிக்கிறார், கீழ நடக்கிற கணக்கு தனக்குச் சம்பந்தமில்லாத மாதிரி தன்ட பாட்டில போறார், உங்களுக்கு வயித்தக் கலக்கும், எங்க சேரப்போறாங்க என்டு. நாலு நிமிசம் போல இழுத்து, கடைசியா ரெண்டும் ஒரு இடத்தில வந்து விழேக்க முதல்ல வந்த ஒரு மெட்டு பெரிசாத் திரும்பி வரும் பாருங்க, கோயில்ல தவில் தனி முடிஞ்சு தீர்மானம் வச்சு நாதஸ்வரம் பல்லவிய எடுக்கேக்க சனம் எல்லாம் ஒருக்கா மூச்சு விடுமெல்லோ, அச்சொட்டா அதுதான். பத்திரகாளி அம்மன் கோயில் வீதியில நிண்டு தவில் கேட்டு வளந்த ஊருக்கு இது அந்நியச் சாமான் என்டு ஆராவது சொன்னா நான் நம்பமாட்டன்.

ஒரு சின்னக் குறை சொல்லலாம் டீச்சர். இவங்களுக்குத் தாளம் போடுற கை இல்ல. சபையில ஆரும் கையத் தூக்கிக் கணக்குப் போடமாட்டாங்க. அது ஒரு நட்டம்தான்.

கேள்வி: ஐயா, உங்களால என்ட குடும்பத்தில பிரச்சினை. உங்கட எழுத்த வாசிச்ச நாள்ல இருந்து என்ட மனுசன் ராச்சாப்பாட்டு நேரம் அந்த 23 நிமிசப் பாட்டப் போடுறார். "சாப்பாடு ரெடி" என்டு கூப்பிட்டா "அதுதான் ஓடுது" என்டு சொல்லிச் சிரிக்கிறார். இதென்ன விசர்?
பேர் வேண்டாம், அன்புவழிபுரம்

பதில்: அக்கா, முதல்ல மன்னிப்பு. அவர் சிரிக்கிறதுக்குக் காரணம், 'சப்பர்ஸ் ரெடி' என்டாலே ராச்சாப்பாடு ரெடி என்டுதான் அர்த்தம். நீங்க ஒவ்வொரு நாளும் அந்தப் பாட்டின்ட பேரத்தான் குசினியில இருந்து கத்துறீங்க.

ஆனா ஒரு விசயம். அந்தப் பாட்டு எப்பிடித் தொடங்குது தெரியுமா? ஒரு புருசன் முன் ரூமுக்க நடந்து வந்து டீவிய நிப்பாட்டுறான், பிறகு பெண்சாதிக்குப் பக்கத்தில இருந்து அவள்ட கண்ணப் பாக்கிறான். அதில இருந்துதான் எல்லாம். பாடின பீட்டர் கேப்ரியலுக்கும் அவர்ட மனுசிக்கும் ஒரு ராவு நடந்த விசித்திரமான அனுபவத்தில இருந்து பிறந்ததாம். பிறகு எங்கயோ போய், சண்டை வந்து, ஒருத்தன் பூவா மாறி, உலகம் அழியிற இடம் வரைக்கும் போய், கடைசியில பைபிள்ல வாற புது ஜெருசலேம்ல முடியும். உங்கட மனுசன் முதல் வரியக் கவனிச்சவரா என்டு கேட்டுப் பாருங்க. கவனிச்சிருந்தா சோறு ஆறியிருக்காது.

சேந்து கேக்க விருப்பம் என்டா ரினெசான்ஸ் என்டு ஒரு பாண்ட், அன்னி ஹஸ்லம் என்ட பொம்பிளை பாடுறவ. 'ஷெஹரசாட் அன்ட் அதர் ஸ்டோரிஸ்', 1975. ரெண்டாம் பக்கம் முழுக்க ஆயிரத்தொரு இரவுக் கதை, உண்மையான ஓகெஸ்ட்ராவோட. ஒவ்வொரு ராவும் கதை சொல்லித் தன்ட தலையத் தப்ப வச்ச பெண்ணின்ட கதை, உங்களுக்குப் பிடிக்கும் என்டு நினைக்கிறன். சாப்பிட்டாப் பிறகு போடச் சொல்லுங்க.

கேள்வி: சலாம். என்னட்ட ஒரு சாதாரண போனும் ரோட்டில வாங்கின ஹெட்செட்டும்தான் இருக்கு. யூடியூப்ல கேட்டா நடுவில விளம்பரம் வருது, டேட்டாவும் பறக்குது. இந்தப் பாட்டுகளுக்கு இசைத்தட்டும் பெரிய ஸ்பீக்கரும் கட்டாயமா? கூட்டாளி அப்பிடித்தான் சொல்றான்.
கிண்ணியா

பதில்: சலாம் நானா. கூட்டாளி வாங்கித் தந்தா வாங்குங்க, இல்லாட்டி அவர்ட கதையக் கணக்கெடுக்காதீங்க. நான் இதெல்லாம் கேட்டுப் பழகினது எதில என்டு சொல்றன். 80களின்ட கடைசியில கொழும்பில வேலை செய்யேக்க ஒரு ரெக்கோர்டிங் கடையில காசு குடுத்தா கேட்ட அல்பத்தக் கசெட்ல அடிச்சுத் தருவாங்க. நான் யெஸ் பாண்ட்ட 'குளோஸ் டு த எட்ஜ்' அடிக்கச் சொல்லி சி-60 கசெட் ஒன்டு குடுத்தன். 1972 அல்பம், மொத்தமே மூண்டு பாட்டு, முதல் பக்கம் முழுக்க ஒன்டு, 18 நிமிசத்துக்கு மேல. குருவிச் சத்தமும் தண்ணிச் சத்தமுமாத் தொடங்கி, பூகம்பம் மாதிரிப் போய், நடுவில சேர்ச் ஓகன் ஒன்டு கூரையப் பிச்சுக்கொண்டு எழும்பி, கடைசியில அதே குருவியும் தண்ணியுமா அடங்கும். சி-60 என்டா பக்கத்துக்கு 30 நிமிசம். மிச்சம் 11 நிமிசம் வெறும் டேப்பா விட கடைக்காரருக்கு மனம் வரேல்ல போல, நல்ல மனுசன், மூண்டு பைலாப் பாட்டு அடிச்சு விட்டிருந்தார். குருவி கத்தி முடிய முதலே டடங் டடங் என்டு பைலா. எனக்குச் சொல்ல ஆக்களும் இல்ல, இதுவும் ப்ரொக்ரெசிவ்ல ஒரு வகையாக்கும் என்டு ஆறேழு மாசம் அதையும் கண்ண மூடிக்கொண்டு கேட்டிருக்கிறன். 90ல ஊர்ல எல்லாரும் வீட்ட விட்டு ஓடேக்க அடையாள அட்டை, காணி உறுதி, அம்மான்ட தாலிக்கொடி இருந்த பையுக்க அந்தக் கசெட்டும் இருந்தது, ஆர் போட்டது என்டு இண்டைக்கும் தெரியாது, நான்தான் போட்டிருப்பன். டேப் சிக்கிச் சிக்கி, பென்சில விட்டுச் சுத்திச் சுத்தி, ஒரு இடம் ஒட்டுப்போட்டு, அதிலதான் கேட்டன். இப்ப போன்ல தெளிவாக் கேக்கேக்கயும் குருவி முடிஞ்ச உடன என்ட கால் பைலாவுக்கு ரெடியாகும்.

ஆக, ஹெட்செட் காணும். ஆனா மூண்டு விசயம் பாருங்க. ஷஃபிள நிப்பாட்டுங்க, அது இந்த இசைக்கு எமன். வைஃபை இருக்கிற இடத்தில முழு அல்பத்தையும் டவுன்லோட் பண்ணி வச்சுக் கேளுங்க, எபிடாஃப் நடுவில சவர்க்கார விளம்பரம் வந்தா பாவம் அந்தப் பாட்டு. மற்றது, ஒரே நேரத்தில ரெண்டு பக்கமும் கேக்காதீங்க. இசைத்தட்டில ஒரு பக்கத்துக்கு 20 நிமிசம் சொச்சம்தான் நல்லாப் பிடிக்கும், அந்த அளவுக்குத்தான் இவங்க எழுதினாங்க, ஒரு பக்கம் முடிஞ்சா எழும்பித் தட்டத் திருப்பவேணும், அந்த இடைவெளியும் கணக்கில இருக்கு. நீங்க எழும்பிப் போய் ஒரு பிளேன்டீ போட்டுக்கொண்டு வாங்க, காணும். முதல்ல மெல்லிசாத் தொடங்கிற இடங்கள்ல சத்தத்தக் கூட்டாதீங்க, கொஞ்சத்தில காத அறையும். ஒரே அல்பத்துக்குக் கனக்க பதிப்பு கிடந்தா ஸ்டீவன் வில்சன் திரும்ப மிக்ஸ் பண்ணினதத் தேடுங்க, குளோஸ் டு த எட்ஜுக்கும் கிங் கிரிம்சனுக்கும் இருக்கு, பின்னால நிண்ட வாத்தியங்கள் எல்லாம் முன்னுக்கு வந்து நிக்கும்.

கேள்வி: பிங்க் ஃப்ளொய்ட் சிம்பொனிக் இல்லையா? சண்டைக்கு வரமாட்டன், சும்மா கேக்கிறன்.
சீனக்குடா

பதில்: நீங்க வரமாட்டீங்க, மற்றவங்க வருவாங்க. எனக்கு அவங்க பக்கத்து வீட்டுக்காரர், ஒரே வேலி. போங்க தம்பி, நல்ல பாட்டு, கேளுங்க.

கேள்வி: என்ட இங்கிலீஷ் மட்டு. வரி விளங்காமக் கேட்டு என்ன பிரயோசனம்?
ஒரு ஓட்டோ டிரைவர், மடத்தடி

பதில்: தம்பி, ஜொன் அன்டர்சன் எழுதின வரிய இங்கிலீஷ்காரரே விளங்காமத்தான் 50 வருசமாக் கேக்கிறாங்க. அவர் சொல்ல அர்த்தத்துக்காக மட்டும் எடுக்கேல்ல, சத்தத்துக்காக எடுத்தவர், வாயில எப்பிடி உருளுது என்டு பாத்து. எங்களில எத்தினை பேர் தெலுங்குக் கீர்த்தனைய அர்த்தம் தெரிஞ்சு கண்ணீர் விடுறம்? உங்களுக்கு இன்னும் வசதியான வழி ஒன்டு இருக்கு, இத்தாலிக்குப் போயிடுங்க. அங்க 70களில இந்த இசைக்குப் பெரிய கூட்டம், இத்தாலியன் இங்க ஒருத்தருக்கும் விளங்காது, அப்ப நீங்களும் கம்பஸ் பொடியனும் சரிசமன். பிஎஃப்எம் பாண்ட்ட 'பெர் உன் அமிக்கோ', 1972, 35 நிமிசம் கூட வராது. கிட்டாரும் புல்லாங்குழலும் வயலினும், வெயில் பட்ட மாதிரி இருக்கும். அத இங்கிலீஷ்காரருக்கு விக்கிறதுக்காக அடுத்த வருசம் கிங் கிரிம்சன்ட பாட்டெழுத்தாளர் பீட் சின்ஃபீல்டக் கொண்டு இங்கிலீஷ் வரி எழுதி வேற பேர்ல விட்டாங்க. நான் ரெண்டும் கேட்டன். விளங்காததுதான் நல்லா இருக்கு.

ஆனா ஓட்டோ ஓடேக்க வேண்டாம். நடுவில திடீரென்டு சத்தம் ஏறும், ஹோன் என்டு நினைச்சு பிரேக் அடிப்பீங்க.

கேள்வி: இவ்வளவு நல்ல இசை என்டா ஏன் செத்துப் போனது?
ஓய்வுபெற்ற ஆசிரியர், நிலாவெளி

பதில்: சேர், சாகேல்ல, மெலிஞ்சு போனது. 70களின்ட நடுவில கேப்ரியல் ஜெனசிஸ விட்டுப் போனார், கிங் கிரிம்சன் 1974ல கலைஞ்சது, 76, 77ல பங்க் ரொக் வந்து மூண்டு சுரத்தோட ரெண்டு நிமிசப் பாட்டுப் பாடி இவங்களக் கிழவங்கள் ஆக்கிட்டுது. ஆடம்பரமும் கூடித்தான் போனது, பொய் சொல்லக்கூடாது, வேக்மன் ஆர்தர் ராசான்ட கதைய ஐஸ் மேடையில சறுக்கு ஆட்டக்காரரோட 1975ல வெம்ப்ளியில போட்டவர், அதுக்குப் பிறகு என்ன இருக்கு? பிறகு 1992ல சுவீடன்ல ஆங்லகார்ட் என்டு சின்னப் பொடியங்கள் சேந்து பழைய மெலட்ரோனத் தூசு தட்டி எடுத்து 'ஹைப்ரிஸ்' என்டு ஒன்டு விட்டாங்க. நாலு பாட்டு. 70கள்ல வந்த கனக்க அல்பத்த விட எனக்கு அது மேல, இதுக்குச் சண்டைக்கு வாறவங்க தாராளமா வரலாம்.

கேள்வி: மாமா, நீங்க சொன்ன கிங் கிரிம்சன் அல்பத்த போன்ல எடுத்தன். அதின்ட படத்தில சிவத்த முகம் ஒன்டு வாயப் பிளந்து கத்துது. என்ட நாலு வயசு மகள் கண்டுட்டு ராவெல்லாம் அழுகை. அது ஆர்?
இளம் தாய், அலஸ்தோட்டம்

பதில்: ஐயோ, பாவம் பிள்ளை. அத வரைஞ்சவர் பாரி கோட்பர் என்டு ஒரு பொடியன், ஓவியராக் கூட வேலை செய்யேல்ல, கம்பியூட்டர் ப்ரொக்ராமர். அல்பம் 1969 ஒக்டோபர்ல வந்தது, அவர் 1970ல செத்துப் போயிட்டார், 24 வயசு. அந்த ஒரு கவர்தான் வரைஞ்சது. அது ஆர் என்டு கேட்டா, அந்த அல்பத்தின்ட முதல் பாட்டில வாற 21ம் நூற்றாண்டு மனுசன், அந்தப் பாட்டக் கேட்டா அவன் ஏன் கத்துறான் என்டு தெரியும். பிள்ளைக்கு இப்ப அந்தப் பாட்டப் போடாதீங்க, அதே பக்கத்தில ரெண்டாவதா புல்லாங்குழலோட மெல்லிசா ஒன்டு வருது, அதப் போடுங்க.

இன்னொன்டு. அந்தக் கவர விரிச்சா உள்ளுக்கும் ஒரு முகம் இருக்கு, பலருக்குத் தெரியாது, தேடினாப் படம் கிடைக்கும். நிலா மாதிரி உருண்டை முகம், சிரிக்குது, கை ரெண்டும் காட்டுது. அத மகளுக்குக் காட்டுங்க, பயம் தெளியும். அவள் நித்திரையானாப் பிறகு நீங்க தனிய ஒருக்கா அந்தப் படத்தில சிரிக்கிற வாய விரலால மறைச்சுட்டுக் கண்ண மட்டும் பாருங்க.